கேட்வேக்குப் பின்னால் மெயில் சேர்வர்: ஸ்பாம் வடிகட்டியைச் சரிப்படுத்துவது

கல்லடியில் நான் பார்க்கும் கந்தோர் சேர்வருக்கு மெயில் எல்லாம் வெளியிலுள்ள கேட்வே (மெயிலை முதலில் வாங்கி நமக்கு அனுப்பும் இடைச் சேர்வர்) வழியாகத்தான் வரும். சொல்லிக்கொடுக்காவிட்டால் ஸ்பாம்அசாசின் என்ற ஸ்பாம் வடிகட்டி கேட்வேயையே அனுப்பியவர் என்று எடுத்துக்கொள்ளும். அனுப்பிய ஐபிக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையில் நல்ல மெயிலும் தோற்கும். காத்தான்குடிக் கடையின் விலைப்பட்டியல்கூடக் குப்பைக்குள் போகும்.

ஸ்பாம்அசாசினின் அமைப்புக் கோப்பான லோக்கல்.சிஎஃப்பில் ட்ரஸ்டட்_நெட்வொர்க்ஸ் (நம்பும் சேர்வர்கள்), இன்டர்னல்_நெட்வொர்க்ஸ் (நமக்காக மெயில் வாங்கும் சேர்வர்கள்) இரண்டிலும் கேட்வேயின் ஐபியைப் போடுங்கள். இரண்டாவது ஏற்கெனவே வேறு ஐபிகளோடு இருந்தால் முதலாவது மட்டும் போதாது. எஸ்பிஎஃப் பார்ப்பது இரண்டாவதை வைத்துத்தான். அவசரத்துக்குக் கேட்வேயை வைட்லிஸ்டில் (எப்போதும் விடவேண்டியவர்கள் பட்டியலில்) சேர்க்கும் ஆட்களும் உண்டு. வேண்டாம், அதற்குள்ளால் வரும் ஸ்பாம் அத்தனையும் உள்ளே வந்துவிடும்.

அமைப்பைச் சோதிக்கும் லின்ட் கட்டளையை ஓடவிட்டுப் பிழை பார்த்து, சேவையை மீளத் தொடக்குங்கள். மெயிலை ஸ்பாம் என்று முடிவுசெய்யும் 5 என்ற புள்ளி எல்லையை இப்போதைக்குத் தொடவேண்டாம். அப்புறம், ஃபயர்வோலில் மெயில் வரும் 25ஆம் போர்ட்டைக் கேட்வேக்கு மட்டும் திறந்துவையுங்கள்; ஸ்பாம்காரன் கேட்வேயைத் தவிர்த்து, சேர்வரின் ஐபிக்கு நேரேயும் அனுப்புவான்.