மாங்க்டன் பக்கம் குடிவரும் தமிழர்களுக்கு: அகாடியர்கள் இங்கே மறுபடி காலூன்றிய விதம்

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மாங்க்டன், டியெப், ஷெடியாக் பக்கம் வருகிறவர்கள் முதல் வாரமே ஒன்றைக் கவனிப்பார்கள்: இங்கே பலதும் இரண்டிரண்டாக இருக்கும். ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஒரு நிர்வாகம், பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு இன்னொன்று. மாங்க்டனின் இரண்டு பெரிய மருத்துவமனைகளும் வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ். "எதற்கு இந்த வீண் செலவு?" என்று பேச்சுவாக்கில்கூடக் கேட்டுவிடாதீர்கள். பிரெஞ்சுப் பக்கம் இருப்பதெல்லாம், இங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்த அகாடியர்கள், ஊரைவிட்டே துரத்தப்பட்ட பிறகு தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டுச் சேர்த்தது.

1755இல் பிரிட்டிஷ் துணைநிலை ஆளுநர் சார்ல்ஸ் லாரன்ஸ், நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த அகாடியர்களைக் கப்பலேற்ற ஆணையிட்டார். மறுபடி ஒன்றுகூடாதபடி அவர்களைப் பல குடியேற்றங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். அந்த ஆண்டு பிரெஞ்சுக்காரர்களின் போசெஜூர் கோட்டையைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கியவர் ராபர்ட் மாங்க்டன். இந்த நகரத்துக்கு அவர் பெயர்தான். பலருக்கு அது இன்னும் வலிக்கிறது.

அகாடியர்கள் இழந்தது வெறும் வயல் அல்ல, கடலிடமிருந்து மீட்ட மண். ஃபண்டி விரிகுடாவில் ஓதம், அதாவது கடலின் ஏற்றம், சில இடங்களில் 16 மீட்டர் வரை ஏறும். உவர்ப்புல்லோடு சேர்த்துக் கரணைகளாக வெட்டிய மண்ணை அடுக்கிக் கரை எழுப்பினார்கள். புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைக்கும். கரைக்கடியில் மரத்தாலான மதகு. அதற்குள் மேல்விளிம்பில் தொங்கும் ஒரு கதவு. கடல் இறங்கும்போது மழைநீர் அதைத் தள்ளித் திறந்து வெளியே போகும். கடல் ஏறும்போது அதன் அழுத்தமே கதவை மூடிவிடும். இதற்கு அப்வாத்தோ என்று பெயர். மழை உப்பைக் கழுவ இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அதன் பிறகே கோதுமை. கதவிடுக்கில் ஒரு கட்டை சிக்கினால் போதும், உப்புநீர் உள்ளே வந்து வயல் மறுபடி முதலிலிருந்து காத்துக்கிடக்கும்.

1759 புயலில் இந்தக் கரைகள் உடைந்தன. நியூ இங்கிலாந்திலிருந்து வந்து அந்நிலங்களைப் பெற்றவர்களுக்கு அவற்றைச் சீர்செய்யத் தெரியவில்லை. சிறையிலிருந்த அகாடியர்களையே வேலைக்கு வைத்தார்கள். தங்கள் நிலத்திலேயே அவர்கள் கூலிக்கு மண் சுமந்தார்கள்.

1764இல் திரும்ப அனுமதி கிடைத்தது. பிரமாணம் எடுக்க வேண்டும், சிறு குழுக்களாகச் சிதறியே குடியேற வேண்டும் என்பவை நிபந்தனைகள். நல்ல நிலம் கைமாறிவிட்டதால் பெரும்பாலானோர் காராகெ, ஷெட்டிகாம்ப் போன்ற கடற்கரைகளுக்குப் போய் மீனவரானார்கள். மெம்ராம்குக் பள்ளத்தாக்கில்தான் பழைய சதுப்பு விவசாயம் தொடர்ந்தது. கடற்கரையில் கழுத்தை நெரித்தது கடன். ஜெர்சி தீவு வியாபாரி சார்ல்ஸ் ராபின் போன்றோர் உப்பும் தூண்டிலும் முன்கூட்டிக் கொடுத்து, மீனுக்குக் காசுக்குப் பதில் கடைச்சரக்கே தந்தார்கள். கணக்கு ஒருபோதும் தீரவில்லை. 1930களில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இங்கே வேகமாகப் பரவியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இன்னொரு கூட்டம் லூசியானாவுக்குப் போனது. ஜோசப் புரூஸார் தலைமையில் சுமார் 200 பேர் 1765இல் நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்தார்கள். அங்கே ஒரு கால்நடை உரிமையாளருடன் ஒப்பந்தம்: குடும்பத்துக்குக் கன்றோடு ஐந்து பசுவும் ஒரு காளையும் ஆறு ஆண்டுகளுக்கு, பிறகு அதே எண்ணிக்கையைத் திருப்பித் தந்து, பெருகியதைப் பாதியாகப் பங்கிட வேண்டும். கையில் காசில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைத்திருக்காது. ஆனால் அதே ஆண்டு கொள்ளைநோய் வந்து புரூஸார் உட்படப் பலர் இறந்தார்கள்.

இங்கே தங்கியவர்கள் நிறுவனங்களைக் கட்டினார்கள். 1864இல் மெம்ராம்குக் கல்லூரி. 1881 அகாடியர் மாநாட்டில் ஆகஸ்ட் 15 அவர்களின் தேசிய நாளானது, 1884இல் கொடி. 1903இல் மாசசூசெட்ஸில் வேலை தேடிப் போனவர்கள் அசம்ப்சியோன் பரஸ்பர உதவிச் சங்கத்தைத் தொடங்கினார்கள்; பின்பு அது மாங்க்டனுக்கு வந்து இன்று காப்பீட்டு நிறுவனமாக இருக்கிறது. 1963இல் மாங்க்டனில் பிரெஞ்சுப் பல்கலைக்கழகம், 1969இல் ஆட்சிமொழிச் சட்டம்.

உங்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. மாகாண அரசு அலுவலகத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டில் எதில் வேண்டுமானாலும் சேவை கேட்பது உங்கள் உரிமை. பிள்ளையை எந்த மொழிப் பள்ளியில் சேர்ப்பது என்பதை வீடு எடுக்குமுன்பே தீர்மானியுங்கள். பிறகு மாற்றினால் பிள்ளைதான் திணறும். வங்கிக் கணக்கு திறக்குமுன் கடன் சங்கத்திலும் விசாரியுங்கள். ஜூலை 28 வெளியேற்றத்தின் நினைவு நாள். அன்று அமைதியாக இருங்கள். ஆகஸ்ட் 15 மாலை தட்டையும் சட்டியையும் தட்டிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போவார்கள், யாரும் சேர்ந்துகொள்ளலாம். போர் துரத்தி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தின் பொருள் விளங்கும்.

மாங்க்டனிலிருந்து மெம்ராம்குக் சுமார் அரைமணி நேரக் கார்ப் பயணம். ஓத நேரம் பார்த்துப் போங்கள். நீர் வற்றியிருக்கும்போதுதான் கரையின் உயரம் தெரியும். கரையை விட்டுச் சேற்றில் இறங்க வேண்டாம், கால் புதையும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.