அயல்நாட்டு மின்சார ஒப்பந்தச் செய்தியை எடைபோடுவது எப்படி?

இலங்கை இந்தியாவுடன் மின்சாரத்தை வாங்கவும் விற்கவும், இரு நாடுகளின் மின்கட்டமைப்புகளையும் இணைக்கும் உயர் அழுத்த நேர்மின்னோட்ட இணைப்பொன்றை அமைப்பது குறித்த புரிந்துணர்வு உடன்படிக்கை 2025 ஏப்ரலில் கொழும்பில் கைச்சாத்தானது. இத்தகைய செய்தி வரும்போது, நாட்டுக்கு ஒளி தரும் நீர்த்தேக்கங்களின் கரையில் வாழும் மலையகத்தார் முதலில் பார்க்க வேண்டியது பருவத்தையே.

எந்த மாதத்தில் எந்தத் திசையில் மின்சாரம் பாயும் என்று தேடுங்கள். நேபாளம் மழைக்காலத்தில் இந்தியாவுக்கு விற்று, ஆறுகள் மெலியும் குளிர்காலத்தில் இந்தியாவிடமிருந்து வாங்குகிறது. நமது நிலையும் ஏறக்குறைய அதுவே: தென்மேற்குப் பருவமழையில் லக்சபான நீர்மின் நிலையங்களுக்கு நீர் தாராளமாகக் கிடைக்கும், பெப்ரவரி, மார்ச் மாதங்களிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் இறங்கி, செம்மண் கரை படிப்படியாக வெளியே தெரியும். ஆனால் நேபாளத்தின் பெரும்பாலான நிலையங்கள் ஆற்றோட்டத்தை அப்படியே பயன்படுத்துபவை. காசல்ரீ, மவுசாக்கலை போன்றவற்றில் நாம் நீரைத் தேக்கி வைத்திருக்கிறோம். பகலில் மலிவான மின்சாரம் கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு, அந்த நீரை எல்லா வீடுகளிலும் விளக்கெரியும் முன்னிரவுக்கு மிச்சப்படுத்தலாம். இதற்கு ஒப்பந்தம் இடம்தருகிறதா என்பதே நமக்கு முக்கியமான கேள்வி.

அடுத்து, அளவைப் பாருங்கள். உதாரணமாக, 500 மெகாவாட் இணைப்பு ஒரு மணிநேரம் முழுமையாக இயங்கினால் 5 இலட்சம் அலகு மின்சாரம் வரும். ஆண்டில் எத்தனை மணிநேரம் இயங்கும் என்று தெரியாமல் எதையும் கணிக்க முடியாது.

பணத்தைப் பற்றிய பகுதியை இருமுறை வாசியுங்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தை எட்டியபோது, அணைகளில் நீரும் குறைவாக இருந்தது, எரிபொருள் வாங்க டொலரும் இருக்கவில்லை. கம்பிவழி வரும் மின்சாரத்துக்கும் அந்நியச் செலாவணி வேண்டும். பங்களாதேஷின் நிலுவை பெருகியதால், 2024இல் ஜார்க்கண்டிலுள்ள அனல்மின் நிலையமொன்று அந்நாட்டுக்கான விநியோகத்தைக் குறைத்தது. ஆகவே கொடுப்பனவு எந்த நாணயத்தில், எத்தனை நாள் தவணையில், பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் கட்டணம் உண்டா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நிபந்தனையையே நான் மிகவும் அஞ்சுகிறேன்; அது இருந்தால், அணைகள் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்படும் நாளிலும் வெளிநாட்டுக்குப் பணம் கட்ட நேரும்.

இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்கட்டணம் குறித்து மக்கள் கருத்தைக் கேட்கும்போது, இக்கேள்விகளைத் தமிழிலேயே எழுதி, உங்கள் மின்பட்டியலின் பிரதியையும் இணைத்து அனுப்புங்கள்.