மைக்ரோசாஃப்ட் பெயரில் வரும் போனை இழுத்தடிப்பது எப்படி

"சார், உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் சர்வருக்கு எரர் வந்துகொண்டே இருக்கிறது. வைரஸ் ஏறியிருக்கிறது" என்று யாராவது போனில் சொன்னால், பேசுகிறவன் திருடன். ஆராய வேண்டியதே இல்லை. மைக்ரோசாஃப்ட் தானாக யாருக்கும் போன் போட்டு வைரஸ் இருப்பதாகச் சொல்வதில்லை. அவர்களுடைய உண்மையான எரர் மெசேஜ் எதிலும் போன் நம்பர் இருக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பது உண்மைதான். அதற்காகவும் யாரும் உங்களைக் கூப்பிடப்போவதில்லை.

நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். ஏமாந்த பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் திருடர்களைப் போனில் இழுத்தடிக்கும் வேலையில் இறங்கினேன். மந்தைவெளியிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவர் சிபியூவைப் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று போனில் பேசியவன் சொல்லியிருக்கிறான். அதை நம்பி ராத்திரி முழுக்க மெஷினை ஓடவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மகன் வெளிநாட்டில். பேரக்குழந்தை போட்டோ எல்லாம் அதில்தான். போன பணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, "போட்டோ இருக்குமா தம்பி?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். இருந்தது.

இந்த ஆட்கள் தனியாக உட்கார்ந்து பேசுகிறவர்கள் இல்லை. ஆபீஸ், ஷிஃப்ட், சூப்பர்வைசர், டார்கெட் என்று எல்லாம் உண்டு. 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாட்டின் பல இடங்களில் சோதனை நடத்தியதே, அதில் ஒரு பகுதி மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் கொடுத்த புகாரின் பேரில், இப்படிப்பட்ட போலி சப்போர்ட் கால் சென்டர்கள் மீது நடந்ததுதான். அங்கே ஒருவன் ஒரு ஷிஃப்டில் எத்தனை பேரைப் பேசி மடக்குகிறானோ அதுதான் வருமானம். அவனை முக்கால் மணி நேரம் உங்களோடு பிடித்துவைத்தால், அந்த முக்கால் மணி நேரம் இன்னொரு டீச்சர் அம்மா வீட்டில் அவனால் போன் அடிக்க முடியாது. நான் சொல்லிக்கொடுக்க நினைப்பது இதைத்தான்.

ஆனால் எல்லோரும் செய்யக்கூடாது. தனியாக இருக்கும் பெரியவர்கள், சீக்கிரம் பதறுகிறவர்கள், மெசேஜ் வந்ததும் சத்தமாகப் படித்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் போனை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதுதான் சரி. வீட்டுப் பெரியவர்களுக்கு அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். அப்புறம் போலீஸ், கஸ்டம்ஸ், சிபிஐ என்று வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிறவர்களிடம் யாருமே விளையாட வேண்டாம். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. உங்கள் முகத்தை அவர்கள் பார்க்கிறார்கள். உடனே துண்டியுங்கள்.

சரி, இழுத்தடிக்கலாம் என்று முடிவு செய்தால் ஒரே ஒரு விதி: கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூடாது. மெஷின் முழுவதும் உங்கள் வாயில்தான் இருக்கவேண்டும். மொபைலில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வையுங்கள், விரல் திரைப்பக்கமே போகக்கூடாது. எந்த லிங்க்கையும் தொடாதீர்கள், எந்த ஆப்பையும் இறக்காதீர்கள், இன்னொரு போன் காலை இதோடு சேர்க்கச் சொன்னால் சேர்க்காதீர்கள். ஓடிபியைக் குரலில் சொல்லும் காலை அப்படிச் சேர்த்துக் கேட்டுவிடுகிறார்கள். யூடியூப்பில் சிலர் வெர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) வைத்து அவனை உள்ளே விட்டு வேடிக்கை காட்டுவார்கள். அது தெரிந்தவர்கள் செய்வது. வீட்டு வைஃபையிலேயே அப்படி ஒரு மெஷினை ஓட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். பதிலுக்கு அவன் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்ப்பதும் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அதுவும் குற்றம், எதிரில் இருப்பது திருடனாக இருந்தாலும்.

போன் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொய்ப் பெயர், ஒரு வயது, ஒரு பழைய டெஸ்க்டாப். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளியே போயிருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். நடுவில் மாற்றிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான். அக்கம்பக்கத்தில் இருக்கும் யாருடைய பெயரையும் போடாதீர்கள். ஏரியாவையும் சொல்லாதீர்கள், சென்னை என்பதே போதும்.

முதல் கட்டம், மெஷினை 'ஆன்' செய்வது. இதிலேயே கால் மணி நேரம் ஓட்டலாம். எங்கள் கடைக்கு வரும் பழைய ஹார்ட் டிஸ்க் மெஷின்கள் எழுந்து நிற்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், அதனால் சந்தேகப்படமாட்டான். "இருங்க சார், யுபிஎஸ் பீப் அடிக்குது" என்பேன். "கரண்ட் போய் வந்துடுச்சு, மறுபடி முதலிலிருந்து வருது" என்பேன். இதைவிட நல்லது விண்டோஸ் அப்டேட். "நீலத் திரையில் முப்பது சதவீதம்னு நிக்குது, அணைக்காதீங்கன்னு போட்டிருக்கு." அவனால் ஒன்றும் செய்ய முடியாது. எழுபதுக்கு வந்ததும் ரீஸ்டார்ட் ஆகட்டும்.

நடுவில் வீடு என்று ஒன்று இருக்கிறதே. தண்ணீர் கேன் பையன் வருவான், சிலிண்டர் வரும், குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். "ஒரு நிமிஷம் தம்பி, வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை மேஜையில் வைத்துவிட்டு நிஜமாகவே உங்கள் வேலையைப் பாருங்கள். 'வைக்காதீங்க' என்பதைக் கெஞ்சுகிற மாதிரி சொல்லவேண்டும். பணம் கொடுக்கப்போகிற ஆள் கெஞ்சினால் அவன் காத்திருப்பான்.

சாமர்த்தியமாகப் பேசவேண்டும் என்று யாரும் கவலைப்படவேண்டாம். லென்னி என்று வெளிநாட்டில் ஒரு பதிவு உண்டு. ஒரு முதியவரின் குரலில் சில வாக்கியங்கள், அவ்வளவுதான். எதிராளி பேசி நிறுத்தினால் அடுத்த வாக்கியம் ஓடும், நடுவில் வாத்துச் சத்தம் கேட்கும். அதோடு நெடுநேரம் பேசிக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. 2024 நவம்பரில் பிரிட்டனில் ஓ2 என்ற மொபைல் நிறுவனம் செயற்கை நுண்ணறிவில் இயங்கும் டெய்சி என்ற பாட்டியை இதே வேலைக்குக் கொண்டுவந்தது. மெதுவாகப் பேசும், காது மந்தமான, நல்ல மனசுள்ள ஒரு பெரியவர்: அந்தக் குரல் போதும்.

மொழியும் உங்கள் பக்கம். பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் ஆரம்பிப்பான். பாதி புரிந்தது போல் இருந்துவிட்டு, "தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேளுங்கள். இன்னொருவரைக் கூட்டிவந்தால் இரண்டு பேர் நேரம் போகிறது. கூட்டிவந்தவரிடம் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து வருவது ஈவென்ட் வியூவர், அதாவது விண்டோஸ் தனக்குள் நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவேடு. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் பயந்துபோவது இங்கேதான். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொல்வான். (பழைய கீபோர்டுகளில் அந்தப் பட்டனே கிடையாது. உங்களுடையது அப்படிப்பட்டதாக இருக்கலாம்.) ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் எட்டு எழுத்து அடிக்கச் சொல்வான்: இ, வி, இ, என், டி, வி, டபிள்யூ, ஆர். போனில் 'வி'யும் 'பி'யும் ஒன்றாகத்தான் கேட்கும். "பி ஃபார் பாம்பேயா?" என்று கேட்டால் "வி ஃபார் விக்டர்" என்பான். அடித்த மாதிரி காட்டிக்கொண்டு "அப்படி ஒண்ணு இல்லைன்னு வருது" என்றால் முதலிலிருந்து எழுத்துக் கூட்டுவான். நானே கேட்டிருக்கிறேன், மூன்றாவது சுற்றில் அவன் குரலில் இருக்கும் மரியாதை மெல்லக் கழன்றுவிடும்.

உள்ளே போனால் சிவப்பு வட்டத்தில் எரர், மஞ்சள் முக்கோணத்தில் வார்னிங் என்று வரிசையாக இருக்கும். "பார்த்தீர்களா, எல்லாம் வைரஸ்" என்பான். அது பச்சைப் பொய். பிரின்டர் ஆஃப் ஆகியிருந்தாலும், வைஃபை ஒரு நொடி அறுந்தாலும், ஏதோ ஒரு சர்வீஸ் தாமதமாக எழுந்தாலும் விண்டோஸ் அங்கே ஒரு வரி எழுதிவைக்கும். நேற்று பெட்டி பிரித்த புது லேப்டாப்பிலும் இருக்கும். எத்தனை இருக்கிறது என்று அவன் கேட்டால், அதுதான் உங்களுக்கு நல்ல நேரம். "எண்ணிச் சொல்றேன்" என்று ஒன்றிலிருந்து சத்தமாக எண்ணுங்கள். நாற்பதுக்குப் பக்கத்தில் விட்டுப்போகட்டும்.

அப்புறம் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுக்கச் சொல்லி, 888-ல் தொடங்கும் நீளமான எண் ஒன்றைப் படித்துக்காட்டுவான். "இது உங்கள் கம்ப்யூட்டரின் தனி அடையாள எண், உங்கள் திரையில் இருப்பதும் எங்களிடம் இருப்பதும் ஒன்றா பாருங்கள்" என்பான். ஒன்றாகத்தான் இருக்கும். எல்லா விண்டோஸ் மெஷினிலும் அதே எண்தான், உங்கள் பக்கத்து வீட்டிலும் அதேதான். இதை அவனிடம் சொல்லாதீர்கள். "மெதுவா சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று முழுவதையும் எழுதுங்கள். எழுதியதைத் திருப்பிப் படித்துக்காட்டுங்கள், நடுவில் ஒன்று தப்பாக.

இதற்குமேல் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி, தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கவிடும் சாஃப்ட்வேர் ஏதாவது போடச் சொல்வான். அவை நல்ல சாஃப்ட்வேர்தான், நானே தினமும் வாடிக்கையாளர் மெஷினுக்குள் போகப் பயன்படுத்துகிறேன். தெரியாத ஆள் கையில் கொடுத்தால் வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி. எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. திரையில் வரும் எண்ணைக் கேட்பான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: வாய்க்கு வந்த முழு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். அது வேறு யாரோ ஒருவரின் நிஜமான எண்ணாக இருந்துவிடலாம், அவன் அந்த அப்பாவியின் மெஷின் கதவைத் தட்டுவான். அந்த எண் ஒன்பது அல்லது பத்து இலக்கம். நீங்கள் எட்டோடு நிறுத்துங்கள். "ஒரு நம்பர் குறையுதே" என்றால் மறுபடி எட்டுதான். "அதுதாம்பா இருக்கு, கண்ணாடி போட்டுத்தான் பார்க்கிறேன்."

கார்டு நம்பருக்கும் இதே விதி. கற்பனையாகக்கூட முழு நம்பர் சொல்லவேண்டாம். கார்டு பீரோவில் இருக்கிறது, சாவி மருமகளிடம், மருமகள் கோயிலுக்குப் போயிருக்கிறாள். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் 'சீனியர் டெக்னீஷியன்' என்று ஒருவன் லைனுக்கு வருவான். பணம் கறப்பதுதான் அவன் வேலை, அங்கே அவன் நேரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அவன் வந்தபின் இன்னும் மெதுவாகப் பேசுங்கள். பணத்தை எங்கே அனுப்பவேண்டும் என்று கேட்டு யுபிஐ ஐடியோ கணக்கு எண்ணோ வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். இந்த மொத்தப் பேச்சிலும் கைக்குக் கிடைக்கும் உருப்படியான பொருள் அதுதான்.

கடைசியில் திட்டுவான். நீங்கள் திட்டவேண்டாம். வெளிநாட்டில் வேலை என்று நம்பிப்போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் மோசடிக் கூடாரங்களில் அடைபட்டு, அடிக்குப் பயந்து இந்த வேலை செய்த நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. எதிரில் இருப்பவன் யார் என்று நமக்குத் தெரியாது. அவன் நேரத்தை எடுத்துக்கொண்டோம், போதும். குரல் மிரட்டலாக மாறினால் வைத்துவிட்டு நம்பரை பிளாக் செய்யுங்கள்.

வைத்த கையோடு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்துக்கோ ஆப்புக்கோ போய் 'சக்ஷு' பகுதியில் அந்த நம்பர், வந்த நேரம், என்ன சொன்னான் என்பதைப் பதியுங்கள். பணம் போகாத மோசடி முயற்சிகளுக்கு அதுதான் இடம். வாங்கிய யுபிஐ ஐடியைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் கொடுங்கள்.

திரையில் திடீரென்று சைரன் அடித்து, முழுத் திரையும் மறைந்து, 'இந்த நம்பரைக் கூப்பிடு' என்று வந்தால் அந்த நம்பருக்கு நீங்களாகப் போன் செய்து விளையாடாதீர்கள். அது வெறும் வெப் பேஜ். எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப்பிடியுங்கள். போகவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது ஏற்கெனவே அவனை உள்ளே விட்டிருந்தால் இழுத்தடிப்பு எதுவும் வேண்டாம். வைஃபையை அணைத்து, லேன் கேபிளைப் பிடுங்கி, மெஷினை ஆஃப் செய்யுங்கள். அணைத்தால் அழியும் என்பது மிரட்டல். பணம் போயிருந்தால் அடுத்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வழி உண்டு. பாஸ்வேர்டுகளை வேறு ஒரு மெஷினிலிருந்து மாற்றுங்கள். வங்கிக்குப் பேச கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள், அங்கேயும் போலி நம்பர்கள் உண்டு. கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நம்பருக்கே பேசுங்கள்.