பழைய பிராசசர் வாங்கி ஓவர்கிளாக் செய்யலாமா?

கேரோசெல் விற்பனைத் தளத்தில் பழைய பிராசசர் மலிவாகக் கண்ணில் பட்டால், வாங்கி ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, கை துறுதுறுக்கும். முதலில் மாடல் பெயரைப் பாருங்கள். இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் ‘கே’ இருந்தால் நல்லது, வேகத்துக்குப் பூட்டு இல்லை என்று பொருள். கூடவே ‘இசட்’ வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை. 5800எக்ஸ்3டி விதிவிலக்கு. ஓவர்கிளாக் செய்ய விடாத ஏ320 மதர்போர்டு வைத்திருப்பவர்கள் ஆசையை விட்டுவிடலாம்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் நான் ஒதுங்கிக்கொள்வேன். மின்னழுத்தம் எகிறிச் சில்லே தேய்ந்த கதை அது. 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு (சில்லுக்குள் ஓடும் நிரல்) திருத்தம் மேலும் கெடாமல் காக்கத்தான், கெட்டதைச் சரிசெய்யாது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவரும் பயாஸை, அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை, விற்பவர் எப்போது அப்டேட் செய்தார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

சரி, எம்ஆர்டி நிலையத்தில் நின்றபடி கைமாற்றினால் எதைச் சோதிப்பது? ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வகை என்றால் பின்கள் பிராசசரின் அடியில்தான் இருக்கும். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், ஒன்று வளைந்திருந்தாலும் வரிசை கெட்டுத் தெரியும். அதைவிட, விற்பவர் வீட்டுக்கே போய், கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும்போதே பிராசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்வது மேல். ஓவர்கிளாக் இல்லாத சாதாரண செட்டிங்கில்தான். அதிலேயே திணறினால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் நம்ம சிங்கப்பூர் வெக்கை. ஏர்கான் போடாத வீவக அடுக்குமாடி அறையில் 30 டிகிரி சர்வசாதாரணம். பெட்டியோடு வந்த சின்னக் கூலர் தாங்காது. நல்ல கூலரின் விலையையும் கூட்டி, சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் புதுசு என்ன விலை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.