மகள் ராத்திரி சாப்பாட்டை ஒதுக்கியபோது: என் அனுபவம்

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டோரம் ஒதுக்கினாள். அத்தை கெஞ்சினார், என் கணவர் அதட்டினார், சண்டைதான் மிச்சம். கறிதோசை வாங்கி வந்தும் தொடவில்லை.

விஷயம் போனில் இருந்தது. கலோரி எண்ணும் செயலி 18 வயதுக்குக் கீழே சேர்க்காதாம். 25 என்று போட்டிருக்கிறாள். பெரியவர்கள் எடை குறைக்கும் அளவை அது காட்டியிருக்கிறது. 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆர். 2020-இல் சொன்னது நாளுக்குச் சுமார் 2,500 கலோரி. அண்ணா நகர் டாக்டர் எடை, ரத்தம் பார்த்துவிட்டு இதை அவளிடமே பொறுமையாக விளக்கினார். செயலியை அவளே நீக்கினாள், அப்பாடா என்றிருந்தது.

இப்போது சாப்பிடும்போது எடைப் பேச்சே கிடையாது, கரண்டியும் அவள் கையில்தான். நாங்கள் பரிமாறினால் அளவு தெரியாமல் பதறியிருக்கிறாள். மாதவிடாய் தள்ளிப்போனாலோ தலை சுற்றினாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.