ஃபைனல் ஃபேன்டசி: எங்கே தொடங்குவது, விருந்தாளிகளை எப்போது சந்திப்பது

ஒரு வீடியோ விளையாட்டின் பெயருக்குப் பின்னால் 16 என்று எண் நின்றால், முந்தைய பதினைந்தையும் முடித்தாக வேண்டுமோ என்று யாருக்கும் மலைப்பு வரும். ஃபைனல் ஃபேன்டசி பக்கம் பலர் எட்டிப் பார்க்காததற்கு அந்த எண்தான் காரணம். போதாக்குறைக்கு இதன் நாயகர்கள் மற்ற விளையாட்டுகளிலும் விருந்தாளிகளாக வந்து தலைகாட்டுகிறார்கள். எதை முதலில் ஆடுவது என்று குழம்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: எண்ணை மறந்துவிடுங்கள்

ஹிரோனோபு சகாகுச்சி தலைமையில் ஸ்கொயர் நிறுவனம் 1987 டிசம்பரில் முதல் ஆட்டத்தை ஜப்பானில் வெளியிட்டது. அதன்பின் எண் மாறும்போதெல்லாம் உலகமும் மனிதர்களும் கதையும் மாறிவிடுகின்றன. சொக்கோபோ என்ற சவாரிப் பறவை, மூகிள் என்ற குட்டி உயிரினம், சிட் என்ற பெயரில் யாராவது ஒருவர் என்று சில அடையாளங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வரும். 11, 14 இரண்டும் பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகள். அவற்றை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். எக்ஸ்-2 என்பது பத்தாவதின் நேரடித் தொடர்ச்சி. அதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஒன்றே ஒன்றை எடுங்கள்

என்னைக் கேட்டால் 2001-இல் வந்த பத்தாவதைத்தான் சொல்வேன். அடுத்து யாருடைய முறை என்பதைத் திரையின் வலது ஓரத்தில் வரிசையாகக் காட்டும். நீங்கள் யோசித்து முடிக்கும்வரை எதிரி காத்திருப்பான். சண்டைக்கு நடுவிலேயே ஆளை மாற்றிக்கொள்ளலாம். யாரை மாற்றுவது என்பதையும் எதிரியின் உடம்பே சொல்லிவிடும். பறக்கும் எதிரிக்கு வாக்காவின் பந்து. ஓடு போர்த்திய எதிரிக்கு ஆரனின் பெரிய வாள். கத்தி இறங்காத கூழ் போன்ற எதிரிக்கு லூலுவின் மந்திரம். பாய்ந்து விலகும் எதிரிக்கு டீடஸ்.

புதியவர்கள் வழக்கமாகக் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பிடித்த மூன்று பேரையே களத்தில் நிறுத்தி, மற்றவர்களை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். சண்டையில் ஒருமுறையாவது கை வைத்தவருக்குத்தான் வளர்ச்சிப் புள்ளி கிடைக்கும். எனவே எதிரி சாகும் தறுவாயில் ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, ஆளுக்கு ஒரு செயலைச் செய்யவைத்து வெளியே அனுப்புங்கள். அடியே போட வேண்டும் என்பதில்லை, தற்காத்து நின்றாலே போதும்.

பழைய பாணி பிடிக்கும் என்றால் 1994-இல் வந்த ஆறாவது இருக்கிறது. பிக்ஸல் ரீமாஸ்டர் என்ற அதன் புதுக்கிய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பேய் ரயில் ஒன்று உங்களைத் துரத்தும். விழுந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் என்ற இறகு கையில் இருந்தால் அந்த ரயில்மீது பயன்படுத்திப் பாருங்கள். செத்தும் சாகாத எதிரிக்கு உயிர் தரும் மருந்தே விஷம். ஒரே ஒரு இறகில் ரயில் முடிந்தது! அரிய மருந்துகளைக் கடைசிவரை பூட்டிவைக்கும் கஞ்சத்தனத்தை அன்றோடு விட்டேன். முழுதாக விட்டேன் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் படி: அதன்பிறகே விருந்து

நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவன். 2002-இல் டிஸ்னி பாத்திரங்களோடு சேர்த்து வந்த கிங்டம் ஹார்ட்ஸ்தான் எனக்கு முதல் அறிமுகம். அதில் டிராவர்ஸ் டவுன் என்ற ஊரில் லியான் என்ற முரடன் வழிமறித்துச் சண்டை போடுவான். தோற்றாலும் கதை நகரும், பயப்பட வேண்டாம். எனக்கு அவன் யாரோ ஒரு முரடன், அவ்வளவுதான். எட்டாவதின் நாயகன் ஸ்குவால்தான் அவன், தன் உலகத்தைக் காக்கத் தவறியதால் பெயரை மாற்றிக்கொண்டவன் என்பதெல்லாம் பிறகுதான் உறைத்தது. அதே ஊரில் ஏழாவதின் ஏரித் சிரித்தபடி நின்று பேசுவாள். ஏழாவதை ஆடிவிட்டு அங்கே போகிறவருக்கு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். காரணத்தை இங்கே சொல்லமாட்டேன்.

ஆகவே பத்தாவதை முடித்ததும் 1997-இன் ஏழாவதை ஆடுங்கள். வெளி ஆட்டங்களுக்கு விருந்தாளியாக அதிகம் போகிறவர் அதன் நாயகன் கிளவுட். பல விளையாட்டுகளின் நாயகர்கள் மோதும் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸில் அவர் 2015-இல் சேர்ந்தார். அவருடைய பரம எதிரி செஃபிராத் 2020-இல் வந்து சேர்ந்தார். 1997-இலேயே வெளியான ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸிலும் கிளவுட் ரகசியப் பாத்திரமாக ஒளிந்திருக்கிறார். ஆனால் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தால் முதல் லெவலில், வெறும் கையோடு நிற்பார். பெரிய பெயருக்கு இப்படியா என்று இருக்கும்.

முதல் பத்து ஆட்டங்களின் நாயகர்களையும் வில்லன்களையும் மோதவிடும் டிஸிடியா 2008-இல் வந்தது. இரண்டு மூன்று ஆட்டங்களையாவது முடிக்காமல் அதைத் தொட வேண்டாம். விதிவிலக்கு தியேட்டரிதம்: பாட்டுக்கு ஏற்பப் பொத்தானைத் தட்டும் விளையாட்டு, அதை எப்போது வேண்டுமானாலும் ஆடலாம்.

விருந்துக்குப் போவது நாயகர்களும் வில்லன்களும் மட்டுமல்ல. 2018-இல் மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டு என்ற மிருக வேட்டை விளையாட்டுக்குப் பதினான்காவதிலிருந்து பெஹிமத் என்ற மிருகம் போனது. அது வானத்திலிருந்து பாறைகளை இறக்கும். அவற்றை உடைந்துபோகாமல் விட்டுவையுங்கள். அதன் பெரிய தாக்குதல் வரும்போது பாறைக்குப் பின்னால் ஒளிந்தவரே பிழைப்பார்.

விட்டுப்போன ஒருவர்

இந்தத் தொடருக்குள்ளேயே உலகம் விட்டு உலகம் அலைகிறவர் கில்கமேஷ். ஐந்தாவதில், கோமாளித்தனமும் வீரமும் கலந்த எதிரியாக வந்து, உலகங்களுக்கு இடையிலான பிளவில் தூக்கி எறியப்படுகிறார். எட்டாவதை ஆடும்போது நான்கு வாளோடு ஒருவர் திடீரென்று குதித்தால், அவர்தான். எந்த வாளை உருவுவார் என்பது அதிர்ஷ்டம். அவற்றில் ஒன்று, ஐந்தாவதில் அவர் எக்ஸ்காலிபர் என்று நம்பித் தூக்கித் திரிந்த அதே போலி வாள். அது வெளியே வந்தால் எதிரிக்குக் குறைவது ஒரே ஒரு உயிர்ப் புள்ளி.