செத்த கொடியில் நோயைத் தேடாதீர்கள்

பயிர் நோயியல் ஆராய்ச்சிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் லேபிள் ஒட்ட மறப்பார்கள். பெட்ரித் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். ஒருமுறை பேச்சு வாங்கினால் அதெல்லாம் சரியாகிவிடும். வருஷா வருஷம் திரும்ப வருவதும், விவசாயியின் பணத்தைக் கரைப்பதுமான தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

மாதிரி எடுப்பது

ஏற்காட்டில் மழைக்காலத்தில், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி சில நாளிலேயே வாடிப்போகும். பார்க்கப் போகிற மாணவர் இருப்பதிலேயே கறுத்துக் காய்ந்த கொடியாகப் பிடுங்கி, பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுவார். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்து சேர்வதற்குள் பை புழுங்கி, உள்ளே மாதிரி அழுகத் தொடங்கியிருக்கும். நுண்ணுயிரி வளர்க்கும் ஊடகமான உருளைக்கிழங்கு அகாரில் வைத்தால் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வெள்ளையாகப் படரும். "காரணி கிடைத்துவிட்டது" என்று நோட்டில் எழுதி, கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றச் சொல்லிவிடுவார்.

கொடியைக் கொன்றதோ ஃபைட்டோப்தோரா கேப்சிசி. அது உண்மையான பூஞ்சை அல்ல, பூஞ்சை போலத் தெரியும் ஊமைசீட் என்ற வேறு வகை நுண்ணுயிரி. கார்பென்டசிம் அதை ஒன்றும் செய்யாது. தோட்டக்காரர் மருந்துக்கும் கூலிக்கும் செலவழித்துவிட்டு, அதே மழையில் பக்கத்துக் கொடிகளையும் பறிகொடுப்பார். கொஞ்சம் நிதானித்து மாதிரி எடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் என்பதால்தான் இவ்வளவு எரிச்சல் வருகிறது.

செத்த திசுவில் பெரும்பாலும் இருப்பவை பிற்பாடு குடியேறிய சாறுண்ணிகள், அதாவது செத்ததைத் தின்று வாழ்பவை. நமக்கு வேண்டியது நோய் முன்னேறிக்கொண்டிருக்கும் ஓரம். மிளகு இலையின் கரும்புள்ளியை வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பு நூல்நூலாகப் பிசிறியிருக்கும். அங்கே பாதி கறுப்பு, பாதி பச்சையாக 5 மி.மீ. துண்டுகள் வெட்டுங்கள். 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம், பிறகு கிருமி நீக்கிய நீரில் மூன்று அலசல். வடிதாளில் ஈரம் போக ஒற்றுங்கள். ஈரத்தோடு வைத்தால் பாக்டீரியாதான் முதலில் வரும். பிமாரிசினும் ரிஃபாம்பிசினும் சேர்த்த கேரட் அகார் நல்லது: முதலாவது பூஞ்சைகளையும், இரண்டாவது பாக்டீரியாவையும் அடக்கும். தோட்டத்திலிருந்து காகித உறையில், குளிர்ப்பெட்டியில், ஐஸ் நேராகப் படாமல் கொண்டுவாருங்கள்.

தட்டில் வளர்ந்ததை நல்ல தொட்டிச் செடியில் செலுத்தி, அதே அறிகுறி வந்து, அதிலிருந்து அதே உயிரி மீண்டும் கிடைத்த பிறகுதான் பெயர் எழுதலாம்.

எல்லாவற்றையும் அகாரில் வளர்க்கப் பார்ப்பது

காபி இலைத்துருவுக்கும் ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளித் தேமலுக்கும் வளர உயிருள்ள செடி வேண்டும். தேமல் வைரஸுக்கு இளங்கொழுந்தை எடுத்துப் பிசிஆர் (மரபணுச் சோதனை) செய்யுங்கள்.

போர்டோ கலவை

பயிர் நோய்க்கு அடிக்கும் செம்பு மருந்து இது. 1% கலவைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு படிந்தால், அந்தக் கலவையை அடிக்கும்போது இலை கருகும். படியாத வரை சுண்ணாம்புப் பால் சேருங்கள். அன்றைக்கே அடித்துத் தீர்க்க வேண்டும்.

மருந்தடிக்காத பாத்தி விடாத சோதனை

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லாததால் அது சோதனையே அல்ல.

ஆய்வகத்திலேயே உட்கார்ந்திருப்பது

மழை பெய்யும் நாளில் தோட்டத்துக்குப் போங்கள்.